சில்லறை

திருச்செந்தூர் - திசையன்விளை ரூட்டில்
இருபத்தொன்பது வருஷம் விசில் ஊதினவன் நான்.
தோல்பைக்குள் கையை விட்டால்
ஐம்பது காசு எது, ரூபாய் எது என்று
விரலுக்கே தெரியும்.
இப்போது சனிக்கிழமைதோறும்
அந்தக் கை அரிசிக்குள் போகிறது.

கைப்பிடி அரிசி.
உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி
ஆண்டவருக்கென்று ஒதுக்கிப் போடுவார்கள்,
பால்மாவு டப்பாவில், ஹார்லிக்ஸ் பாட்டிலில்,
ஒரு வீட்டில் பெயின்ட் வாளியில்.
வாங்கிச் சேர்க்கிற வேலை எனக்கு.
"சில்லறை வேலை மாமா" என்றான் மருமகன்.
சில்லறை இல்லாமல் ஒரு பஸ்
ஒரு ஸ்டாப் தாண்டாது என்று
அவனுக்கு எப்படித் தெரியும்?
அவன் கார் வைத்திருக்கிறான்.

ஆசீர்புரத்தில் எழுபத்திரண்டு வீடு.
ஆடிக் காற்றில் தேரி மணல் எழும்பி
சைக்கிள் செயினைத் தின்கிறது.
தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.
கண்ணில் மணல், பல்லில் மணல்,
சாக்கு வாயைக் கட்டாவிட்டால்
ஆண்டவர் பங்கிலும் மணல்.

சொல்லப்போனால் அது நல்ல அரிசி இல்லை.
பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் புழுங்கல்,
குருணை, வண்டு விழுந்தது,
எல்லாம் ஒரே சாக்கில்.
உலையில் போட்டால்
ஒன்று குழையும்போது மற்றது விறைத்து நிற்கும்,
எங்கள் சபைக் கமிட்டி மாதிரி.
கோழித் தீவனத்துக்கென்று ஏலம் எடுக்கிறார்கள்.
போன கூட்டத்தில் செயலர் டைட்டஸ்
கணக்குப் போட்டுக் காட்டினார்:
"வருஷத்துக்கே இவ்வளவுதான் அண்ணாச்சி,
கோயில் வாசலில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டினால்
ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிடும்."
கணக்கு சரி.
நானும் கணக்கு ஒப்படைத்தவன்தானே,
மறுத்துப் பேசவில்லை.

ஆனால் கெத்சியாள் வீடு இருக்கிறது.
பீடிக் கம்பெனியில் இலையைக் குறைத்து,
தூளைக் குறைத்து, கூலியைக் குறைத்த
மாசி மாதத்திலிருந்து
அவள் நீட்டுகிற டப்பாவில் ஒன்றும் இல்லை.
மூடி போட்டுத்தான் நீட்டுவாள்.
பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில்
முறத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.
முதல் தடவை என் மணிக்கட்டு ஏமாந்துபோனது,
இல்லாத படியில் கால் வைத்தவன்போல.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கையைப் பார்த்தாள்.

டப்பாவைச் சாக்குக்குள் விட்டுத் திறந்து,
கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினேன்.
நோட்டில் அவள் பேருக்கு நேரே
வழக்கம்போல ஒரு டிக்.
"ஸ்தோத்திரம்மா."

மூன்றாவது வாரம்
சாக்குக்குள் போன டப்பா
கனத்துக்கொண்டு வெளியே வந்தது.
நான்தான் அள்ளினேன்.
மூடினேன். கொடுத்தேன்.
வலது கைக்கும் இடது கைக்கும் நடுவே
ஒரு சாக்கின் வாய் இருந்தது, அவ்வளவுதான்.

தெரியும், இது பொய்க்கணக்கு.
செக்கிங் ஏறினால் மெமோ நிச்சயம்.
ஐயரிடம் சொல்லவில்லை.
முழங்காலில் நிற்கும்போது சொல்லிப் பார்த்தேன்;
அங்கிருந்து மெமோ இன்னும் வரவில்லை.

போன சனிக்கிழமை
கெத்சியாள் நீட்டிய டப்பாவில் கனம் இருந்தது.
கொஞ்சம்தான். இரண்டு பிடி, மிஞ்சினால் மூன்று.
கூலி கூட்டிவிட்டார்களோ என்று
சாக்குக்குள் கவிழ்த்தபோது
அரிசி என் விரல்மேல் விழுந்தது.
பொன்னி. இட்லி அரிசி. ரேஷன் புழுங்கல். குருணை.
எந்தக் கடையிலும் விற்காத அரிசி.

நான் கொடுத்ததிலும்
உலை வைக்கும்போதெல்லாம்
ஒரு பிடி ஒதுக்கியிருக்கிறாள்.

சில்லறை இல்லாத நாளில்
டிக்கெட்டின் முதுகில் பாக்கி எழுதிக் கொடுப்போம்.
இன்னாருக்கு இவ்வளவு தரவேண்டும் என்று.
நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
யார் யாருக்கு என்று எழுதுவது?
ஒரு டிக்தான் போட்டேன்.
பேனா முனையில் மணல் நெருடியது.

டப்பாவை மறுபடி சாக்குக்குள் விட்டேன்.
இன்னும் முப்பத்தெட்டு வீடு இருந்தது.