மூன்று அங்குலத் தொய்வு

கோப்பின் பெயர்
கொருக்குப்பேட்டை_கடைசி_நிஜக்கடைசி_4.
சிரிக்காதீர்கள்.
தவறி மூன்றைத் திறந்து வேலை பார்த்த வாரம்
டெல்பினின் திமிங்கிலத்தின் மேல்
நீதிமன்ற வெளிச்சம் விழுந்தது.
முன்வரிசைப் பிள்ளைகள்
அது சாட்சி சொல்லப் போகிறதென்று
வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள்.

அரிசி மூட்டை அடுக்கிய குடோன் இது.
இப்போது வெள்ளிக்கிழமை வழக்கு,
சனிக்கிழமை ரேஷன் வரிசை,
ஞாயிறு காலை பத்தரைக்குத் திமிங்கிலம்.
விளக்கு முப்பத்தொன்று, அதில் இரவல் நான்கு.
டிம்மர் பன்னிரண்டு.
ஒன்பதாவதை நம்பக் கூடாது.

திரையில் நாடகத்துக்கு ஒரு அடுக்கு.
வழக்குக்குச் சிவப்பு, ரேஷனுக்கு நீலம்,
திமிங்கிலத்துக்கு மிச்சமிருந்த மஞ்சள்.
கண் குறியைத் தொட்டால் ஒரு நாடகமே காணாமல் போகும்,
கூண்டு, நாற்காலி, கைகலப்பு எல்லாவற்றோடும்.
மறுபடி தொட்டால்
விட்ட இடத்தில் வந்து நிற்கும்,
கோபித்துக்கொள்ளாமல்.

இயக்குநர்கள் அந்த ரகம் இல்லை.

"பதினேழை அரையடி இடப்பக்கம் தள்ளும்மா" என்றார் தயாபரன்.
தள்ளினேன்.
சனிக்கிழமை நஸ்ரின் போன் செய்தாள்:
"வரிசைல நாலாவது ஆளைக் காணோம்.
குரல் மட்டும் வருது."
நிலைமையைச் சொன்னேன்.
"கம்ப்யூட்டர்தானே, காப்பி பண்ணி ஒட்டேன்."

ஒட்டலாம்.
இரண்டு விசை, ஒரு மூச்சு,
நாற்பது பதினேழு காய்த்துத் தொங்கும் திரையில்.
கூரையில் இருப்பது ஒன்று.
அதற்கும் கொக்கி வேறொரு விளக்கினுடையது.

ஆகவே பதினேழை எடுத்து
யாருக்கும் சொந்தமில்லாத அடுக்கில் வைத்தேன்.
அதற்கு நிறம் தரவில்லை.
வெள்ளி அதன் கீழே ஒருவன் கூசாமல் பொய் சொல்வான்.
சனி அதே வட்டத்தில் ஒருத்தி
பாமாயில் இல்லையென்று கேட்டுப் பையை மடிப்பாள்.
ஞாயிறு அங்கேதான் கடல்.

நாலாவது ஆள் சத்தியசீலன்
அடுத்த வாரம் முழு முகத்தோடு நின்றான்.
யார் சொன்னது உனக்கு?
"யாரும் சொல்லலக்கா. கன்னத்துல சூடு தெரியற வரைக்கும்
நகர்ந்துகினே வந்தேன்."

பிரச்சினை அதோடு தீரவில்லை.
திங்கட்கிழமை வட்டம் ஒரு சாண் முன்னாலேயே விழுந்தது.
டெல்பின் ஆட்களைச் சந்தேகப்பட்டேன்,
பிறகு தயாபரனை, பிறகு பூனையை.
உச்சி ஏணியிலிருந்து கோட்டீஸ்வரன் கூப்பிட்டான்,
பல்லிடுக்கில் ஸ்பேனரோடு:
"உன் படத்துல பைப்பு நேரா கீதுக்கா.
இங்க நடுவுல தொங்குது.
நான் எதைப் பாத்து மாட்டறது?"

டேப் பிடித்து அளந்தான். மூன்று அங்குலம்.
அளந்துகொண்டிருக்கும்போதே
இரண்டு நாற்பது கூட்ஸ் கடந்தது.
ஐம்பத்தெட்டுப் பெட்டி.
முப்பத்தொரு விளக்கும்
இல்லை இல்லை என்று தலையாட்டின,
பதினேழு கடைசியாக நின்றது,
கொஞ்சம் வேறெங்கோ பார்த்தபடி.

ராத்திரி ஒன்றரை.
வெளியே லாரி ரிவர்ஸ் எடுக்கும் ஓசை,
கொசுவர்த்தி பாதியில் அணைந்திருக்கிறது.
மூன்றாம் பைப்பைத் திறக்கிறேன்.
ஷிப்டை அழுத்திப் பிடித்தால் எந்தக் கோடும்
தானாக நிமிர்ந்துகொள்ளும்.
நான்கு வருடமாக அப்படித்தான் வரைந்திருக்கிறேன்,
இந்தக் கூரையைப் பாராட்டி.

விரலை எடுத்தேன்.

நடுவில் தொய்வோடு ஒரு கோடு,
துணி காயும் கொடி மாதிரி.
கூலிக்கு வரைந்தவள் தூங்கிவிட்டாள் என்று
புதிதாகப் பார்ப்பவர் நினைக்கக்கூடும்.
ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன்:
2.40 கூட்ஸ் போன பிறகு மட்டும் போகஸ் செய்யவும்.

நிஜக்கடைசி_5.
சேமிக்கவா என்று கேட்கிறது.