பதினொன்றாம் கட்டம்

ராத்திரிக் கணக்குக்கு வாடகை விடும் வீடுகளை
எண்ணிவரச் சொன்னது ஆபீஸ்.
கையில் ஒரு நாடா, ஒரு கட்டுப் படிவம்,
மை கசியும் ரப்பர் முத்திரை.

நீரோடி முடியும் இடத்தில் தெருவில் பாதி கேரளம்.
அந்தப் பாதியில் கேட்க எனக்கு அதிகாரமில்லை.
இந்தப் பாதியில் கேட்டால்
பதில் பாதி மலையாளத்தில் வருகிறது.
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
பயணப்பைகளின் சக்கரங்கள்
எல்லையைக் கேட்காமல் கடகடவென்று வருகின்றன.

படிவத்தில் பதினான்கு கட்டங்கள்.
அறை எத்தனை, கழிவறை எத்தனை,
பத்து மணிக்கு மேல் பாட்டு உண்டா,
குப்பையை யார் எடுப்பது.
பதினொன்றாவதுதான் வம்பு:
உரிமையாளர் இதே கட்டடத்தில் இரவு தங்குகிறாரா?
ஆம் என்றால் கட்டணம் இருநூறு.
இல்லை என்றால் உரிமம் இல்லை.

கேட்டு முடிக்கும் முன்பே
ஆம் என்றாள் மெற்றில்டா.
ஆள் வரும் நாட்களில் அவளும் ரெண்டு பிள்ளைகளும்
வலைக்கொட்டகையில் படுப்பது
கடப்புறம் முழுக்கத் தெரியும்.
"கொட்டகையும் இந்த வீட்டுக்க எடம்தானே சாரே?"
எடம் எங்கே முடிகிறதென்று நாடாவை இழுத்தேன்.
மறுமுனை நனைந்து வந்தது.

அடுத்த வீட்டில் ஆளே இல்லை.
கேட்டில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி.
நாலு எண்ணை அழுத்தினால் சாவி தருமாம்.
தலையணை உறை துவைக்கிற வறுவேலுக்கு எண் தெரியும்,
உரிமையாளர் பெயர் தெரியாது.
"போன்ல ஒரு பொம்பளச் சத்தம்.
காசு மட்டும் நாள் தவறாது."
பதினொன்றில் என்ன எழுத?
பெட்டி தங்குகிறது என்றா?

பதினாறு முதல் இருபத்தொன்று வரை
கதவு எண்கள் பதிவேட்டில் இருக்கின்றன.
வீடுகளைப் போன ஆனியில் கடல் எடுத்தது.
வரிபாக்கி இன்னும் அச்சாகி வருகிறது.
இருபத்திரண்டுக்கு என்னிடம் ரெண்டு தாள்.
ஒன்றில்: அலைக்குப் பத்தடி, ஆபத்து, உடனே காலி செய்க.
மற்றதில், படத்தோடு: அலைக்குப் பத்தடி,
ஓர் இரவுக்கு நாலாயிரம்.
பத்தடியில் மட்டும் இருவருக்கும் பேதமில்லை.

நான் அளந்தேன்.
எட்டரை.

முப்பத்தொன்று, மாடி அறை.
நான் செருப்பைக் கழற்றும்போதே
ததேயுஸ் அண்ணன் இருமத் தொடங்கினார்.
சாயா போடச் சொல்லிக் கீழே குரல் கொடுத்தார்.
உள்ளே இருட்டு.
என் கை தானாக மூன்றாவது சுவிட்சுக்குப் போக
விளக்கு எரிந்தது.
அவர் பார்த்தார்; நான் கூரையைப் பார்த்தேன்.

அந்தக் கம்பிகளை மாற்றிக் கொடுத்தவன் நான்தான்,
கரண்டு போன ஓர் அடைமழையில்
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
ஆறு வருடம், மாதம் மூவாயிரம்.
"ஒரு சனி ஞாயிறுல கெடைக்குது தம்பி அது"
என்று அவர் சொன்ன அன்று
கணக்கில் நான் ஒரு தப்பும் காணவில்லை.
இப்போது மார்த்தாண்டத்தில் இருக்கிறோம்.
ரெண்டு பஸ் மாறி வந்து
கடலோர வீடுகளை எண்ணுகிறேன்.

சுவரில் விருந்தினருக்கு விதிகள், கண்ணாடிச் சட்டத்துக்குள்:
மணலைக் கழுவிவிட்டு ஏறுக.
அறையில் மீன் பொரிக்கக் கூடாது.
சுவிட்சைப் பற்றி ஒன்றுமில்லை.

நாடாவின் ஒரு முனையை அவர் பிடித்தார்.
பன்னிரண்டுக்குப் பத்து.
தெரிந்ததுதான்; என்றாலும் அளந்தோம்.
"ராத்திரி இங்கதான் படுக்கிறீங்களா?"
"கீழதான். வேற எங்க போக எனக்கு?"
உண்மை.
ஆம் என்று எழுதி ரசீது கிழித்தேன்.
சாயாவில் ஏடு கட்டியிருந்தது, குடித்தேன்.

இறங்கும்போது படியில் ஒரு ஜோடி,
முதுகில் பை, மூக்கில் வெயில்.
கையிலிருந்த நாடாவைப் பார்த்தோ என்னவோ
நீங்கள்தான் வீட்டுக்காரரா என்றார்கள்.

"லைட்டுக்கு மூணாவது சுவிட்ச்" என்றேன்.