கட்டைவிரல்

ஆண்டவரே,
சிலோயே தீவின் படகுத்துறைச் சந்தையில்
மூன்றாவது தகரக் கொட்டகை.
உருளைக்கிழங்கும் சிப்பியும் விற்கிற ஒதிலியா பேசுகிறேன்.
உமக்குத் தெரியும்.
ஆனாலும் மழை பெய்கிறது, ஆள் வரத்தில்லை,
சொல்ல நேரமிருக்கிறது.

என் தராசுக்கு ஒரே தட்டு, ஒரே முள்.
தட்டின் விளிம்பில் என் கட்டைவிரல்
பத்தொன்பது வருடமாய்
குருவி உட்கார்வது போல உட்காரும்.
அழுத்தியதில்லை, சத்தியமாய்.
சும்மா வைத்திருந்தேன்.
தட்டு ஆடாமலிருக்க என்று
யாரும் கேட்காத கேள்விக்குப்
பதிலும் வைத்திருந்தேன்.
பாவசங்கீர்த்தனத்தில் நாக்கைச் சொன்னேன்,
கோபத்தைச் சொன்னேன்,
ஞாயிறு திருப்பலியில் தூங்கியதைச் சொன்னேன்.
சும்மா இருக்கிற விரலை
எந்தக் கணக்கில் சொல்வது?

ஜனவரியில் கத்தி வழுக்கியது.
ஐந்து தையல்.
முட்டை பருமனுக்கு வெள்ளைக் கட்டு.
எதன்மேல் பட்டாலும் உயிர் போனது.
மூன்று வாரம்
தராசு தன்னந்தனியாய் நிறுத்தது.

சனிக்கிழமை இரவு காசு எண்ணினேன்.
குறைந்தது.
எச்சில் தொட்டு மறுபடி எண்ணினேன்.
அடுத்த சனியும் குறைந்தது.
பக்கத்துக் கொட்டகை ரோசாமெல்
என் பெட்டிப் பக்கம் இரண்டு தரம் குனிந்ததை
நினைவுபடுத்திக்கொண்டேன்.
அவன் வணக்கத்துக்கு
முதுகைக் காட்டினேன்.

பிறகு ஒரு நாள், அடுப்பில் தண்ணீர் கொதிக்கையில்
கணக்கு பிடிபட்டது.
திருட்டு போகவில்லை.
இந்த மூன்று வாரம்தான்
அந்தக் கொட்டகையில் திருட்டே நடக்கவில்லை.

தண்ணீர் வற்றும்வரை நின்றேன்.

சாம்பல் புதன் காலையில் நெற்றியில் சாம்பல்,
மதியம் விரலில் தையல் பிரித்தார்கள்.
"இனி எல்லா வேலையும் செய்யலாம்" என்றாள் தாதி.
அந்த 'எல்லா'வுக்குத்தான் பயந்தேன்.
புண்பட்ட விரல் காட்டிய நேர்மை
பல் விழுந்த நாயின் சாதுத்தனம்.
ஆறிய விரலை என்ன செய்வேன்?

அங்கியின் பைக்குள் போட்டேன்.
வெளியே வந்தது.
ஒரு காய்ந்த பட்டாணியைக் கொடுத்து
இதைப் பிடித்துக்கொள் என்றேன்.
பிள்ளையைப் போலப் பிடித்தது, கொஞ்ச நேரம்.
அதற்குள் முள் ஆடி ஆடி
தன் இடம் தேடும்.
இவ்வளவு மெதுவாகவா அது அடங்கும்?
இத்தனை வருடம் நான் பார்த்ததேயில்லை.

இரண்டாம் வெள்ளி,
சான்தியாகோவிலிருந்து வந்த ஒருத்தி
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல்
பாதி விலைக்குக் கேட்டாள்.
கட்டைவிரல் போய் உட்கார்ந்துவிட்டது.
பட்டாணி தரையில் உருண்டபோதுதான் தெரிந்தது.
அவள் தெருவைக் கடந்துகொண்டிருந்தாள்.
ஓடியிருக்கலாம்.
ஓடவில்லை.
அடுத்து வந்த பையனுக்கு இரண்டு கிழங்கு கூடப் போட்டேன்.
அது அவளுக்குச் சேராது, தெரியும்.

ரோசாமெலிடம் சொன்னேன்:
"உன்னைத் திருடன் என்று நினைத்தேன்."
சிரித்தான்.
பிறகு சிரிப்பதை நிறுத்தினான்.
ஒன்பது நாள் பேசவில்லை.
மன்னிப்புக் கேட்டால் நெஞ்சு லேசாகும் என்பார்கள்;
எனக்கு நனைந்த சாக்கைப் போல இருந்தது.
நேற்றுக் காற்றில் என் தார்ப்பாய் பிய்ந்து எழுந்தபோது
ஒரு முனையை வந்து பிடித்தான்.
முகத்தைப் பார்க்கவில்லை.
முடிச்சுப் போடும்வரை பிடித்திருந்தான்.

இதோ, பள்ளிக்கூடத்துச் சமையல்காரி எர்மிண்டா வருகிறாள்.
நாலு கிலோ.
முள் ஆடுகிறது.
நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
அவள் குடையைச் சாய்த்துக் கேட்கிறாள்:
"என்ன, கையைப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறாய், குளிரா?"

"ஆமாம், குளிர்" என்கிறேன்.

அதுவும் பொய், ஆண்டவரே.
அதை நாளைக்குப் பார்ப்போம்.