மூன்றாம் கட்டை

பாகாவில் புதுக் கல்லூரி. முதல் ஆண்டு
எங்களுக்கென்று ஒன்றுமே இல்லை.
ஜெர்சிகூட கூட்டுறவுக் கடை தந்தது,
முதுகில் உர விளம்பரம்.

பயிற்சியாளர் லோகேந்திரன் ஒரு தாளோடு வந்தார்.
தலைப்பு: 'நம் பாரம்பரியங்கள்.'
புலி முழக்கம். மஞ்சள் துண்டு.
திடலைத் தொட்டு நெற்றியில் வைப்பது.
முழக்கத்தின் நடுவே ஹைக்கால் சிரித்துவிட்டான்.
துண்டுகள் மோட்டார் சைக்கிள் துடைக்கப் போயின.

கோலா பிலாவில் ஏழு கோல்.
ஏழும் என் கைக்குக் கீழேதான் போனது.
திரும்பும்போது செம்பனைக்கு நடுவில்,
மூன்றாம் கட்டையில்,
பஸ் நின்றுவிட்டது.
மழை. செம்மண். இறங்கித் தள்ளினோம்.
"சத்து, டுவா" என்றான் வெய் ஷெங்.
"மூணு" என்றோம் மற்றவர்கள்.
தொண்ணூறு நிமிடத்தில் ஒருமுறைகூட
அப்படிச் சேர்ந்து நாங்கள் ஓடவில்லை.

இப்போது பஸ் புதுசு, ஏர்கோன் உண்டு.
இருந்தாலும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போகையில்
மூன்றாம் கட்டையில் என்ஜினை அணைக்கிறார்
சன்னாசி அண்ணன்.
பின்பக்கம் காய்ந்த சேற்றுக் கைகளை
யாரும் கழுவுவதில்லை.

"ஏண்ணே, பழுதா?" என்றான் புதுப் பையன்.
"ஆமாம்" என்றான் ஹைக்கால்.
"நேர்த்திக்கடன்" என்றான் வெய் ஷெங், தமிழில்.

சத்து, டுவா, மூணு.
நகரவில்லை.
மறுபடியும். நகரவில்லை.
ஜன்னலில் நாக்கைக் கடித்தார் சன்னாசி:
கைபிரேக்கை எடுக்கவே இல்லை.

சேற்றில் உட்கார்ந்து சிரித்தோம்.
அன்று ஒரு கோலில் ஜெயித்தோம்.

அடுத்த வாரம், மூன்றாம் கட்டையில்,
பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு
ஒன்றும் தெரியாத முகத்தோடு
காத்திருந்தார்.