நாற்பதாவது கண்டு

நாற்பது கண்டு வைத்தேன், நீர்வேலிச் செம்மண்ணில்,
வெங்காயம் கிண்டி ஓய்ந்த பாத்தியில்.
"மலைநாட்டுச் சரக்கு பிள்ளை, இங்கை இலைதான் வரும்"
என்றார் பக்கத்துக் காணி ஏகாம்பரத்தார்,
வேலிக்கு மேலால், பல் தீட்டிக்கொண்டே.

இலைதான் வந்தது.
மெழுகு பூசினாற்போல அகலமாய்,
மழைத்துளி ஒட்டாமல் உருண்டு விழ.
புழு வந்தது, அதுவும் பச்சை,
நரம்போடு நரம்பாய்ப் படுத்திருக்கும்.
விடியமுன் ரோர்ச் அடித்துப் பொறுக்கினோம்
நானும் கருணைவேலும், கதைக்காமல்.

மார்கழிப் பனி இறங்கின ஒரு காலை
மிசினைப் போட்டுவிட்டு வாய்க்கால் மாற்றக் குனிந்தவள்
கண்டேன்:
கொட்டைப்பாக்களவு வெள்ளை.
ஒருவரையும் கூப்பிடவில்லை.
தண்ணீர் பாத்தி கடந்து ஒழுங்கையில் ஓடியது.

வெயில் பட்டால் மஞ்சளாகும்.
மஞ்சளானால் சுன்னாகத்தில் முகம் திருப்புவான் வியாபாரி.
வாழைநார் கிழித்து, இலைகளைக் கூட்டி,
உச்சியில் ஒவ்வொரு முடிச்சு.
முப்பத்தொன்பது முடிச்சு.
நாற்பதாவதுக்கு நார் போதவில்லை,
நாளைக்கு என்று விட்டது.
நாளைக்கு மகளுக்குக் காய்ச்சல்.

சந்தையில் இலையைத் தறித்தான், தண்டைத் தறித்தான்,
பத்துக்கு ஒன்று கழிவென்று எடுத்தான்,
மிஞ்சினதை நிறுத்துத் துண்டு எழுதினான்.
தறித்ததை நான் விட்டுவரவில்லை. சாக்கில் கட்டினேன்.
இளம் இலை வறையாச்சு, தேங்காய்ப்பூ தூவி.
தண்டு பருப்போடு வெந்தது.
உடைந்த பூவை மஞ்சளும் உப்பும் போட்ட சுடுதண்ணியில் அமுக்க
எங்கள் ரோர்ச்சுக்குத் தப்பின இரண்டுபேர் மிதந்து வந்தார்கள்;
அவர்களை வடித்துவிட்டு முதற்பாலில் ஒரு வெள்ளைக் கறி.
முற்றல் இலை ஆட்டுக்கு.
வெள்ளிக்கிழமை டெவல் போட்டு
ஏகாம்பரத்தாருக்கு ஒரு கோப்பை கொடுத்துவிட்டேன்.
மணந்து பார்த்து, "இது மச்சமோ?" என்றாராம்.
இல்லையென்று மகள் சத்தியம் பண்ணின பிறகு
கோப்பை கழுவித் திரும்பி வந்தது.

நாற்பதாவதை மறந்தேபோனேன்.
அது மஞ்சளித்து, ஓரங்களில் ஊதா ஓடி,
பொத்தின கை விரல் விரலாய் விடுகிறமாதிரி விட்டு,
தை முடிய இடுப்பளவு எழும்பி நின்றது,
உச்சியெல்லாம் கடுகுப்பூ மஞ்சள்.
தேனீயும் வந்துவிட்டது, யார் சொன்னதோ.
பூக்கோவா, பூக்கோவா என்று கூவி விற்றவள் நான்.
அதன் பூவை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

மிளகாய்க்குப் பாத்தி திருத்த மண்வெட்டியோடு வந்தார் கருணைவேல்.
"உதை விடுங்கோ" என்றேன்.
"விதைக்கோ?"
"இந்த வெக்கைக்கு விதை எங்கை பிடிக்கிறது."
"பேந்தேன்?"
மிசின் இரைந்துகொண்டிருந்தது,
கேளாத மாதிரி நின்றேன்.
அவர் அதைச் சுற்றிக் கொத்திக்கொண்டு போனார்.