வால் கம்பி

ஊருக்குள் இதைக் காதில் வைத்தால்
அரிசி புடைக்கிற சத்தம்தான்.
எதிர்வீட்டு இன்வெர்ட்டர், தெருமுனை எல்.இ.டி.,
பின்சந்துத் தறியின் மோட்டார்
எல்லாம் பதினாலு மெகாஹெர்ட்ஸில் வந்து
குந்திக்கொள்கின்றன.
அதனால் ஞாயிறு, முதல் பஸ், ஏற்காடு.
பதினொன்றாவது கொண்டை ஊசியில்
இருசாயி வாந்தி எடுத்தாள்.
பதினேழாவதில்
காயிலின் கடைசிச் சுற்று விட்டுப்போனது எனக்குத் தெரிந்தது.
பெட்டியைக் குலுக்கினால் உள்ளே சலங்கை.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்கு முத்து ஒட்டுகிறவள் நான்.
ஊதுகுழல், பொடி, ஒரு மூச்சு.
கொஞ்சம் கூடினால் முத்து உருகி ஓடிவிடும்.
அந்தக் கை இருந்ததால்
கடுகளவு மின்தடையை
நடுங்காமல் பலகையில் உட்கார வைத்தேன்.
மற்றதெல்லாம் பாடுதான்.
சிவப்பு வளையத்தில் பதினேழு சுற்று வேண்டும்.
பதினாறு சுற்றிப் பதினேழென்று எண்ணி
மூன்று வாரம் தொலைத்தேன்.
இரண்டு டிரான்சிஸ்டர் கருகின.
மூன்றாவது, கருகுமுன்
விரலைச் சுட்டுச் சொன்னது.

பட்டறையில் வெள்ளிக் கம்பி சுருள் சுருளாகக் கிடக்கும்.
செம்பைவிட நன்றாகக் கடத்தும், தெரியும்.
சாயங்காலம் தரையைக் கூட்டித்
தூசியையும் எடை போடுவார் முதலாளி.
நாங்கள் கை கழுவிய தண்ணீர்கூடத்
தொட்டியில் தங்கித்தான் வெளியே போகும்.
மோட்டார் கடையில்
கால் கிலோ செம்பு வாங்கினேன்.

பகோடா பாயிண்ட். கிழக்கே ஒரே சரிவு,
அதில் பாதி மேகம்.
பாறை மறைவில் குந்தி
பேட்டரியில் காயும் சின்ன இரும்பால்
விட்டுப்போன சுற்றை ஒட்டினேன்.
காற்று மூன்று தரம் சூட்டைத் தின்றது.
குச்சி ஏரியலை நீட்டி
பெட்டிக்குப் பின்னால் ஐந்து மீட்டர் ஒயரைப்
புல்லில் இழுத்து விட்டேன்.

‘டவர் கிடைக்கலையாக்கா?’
மக்காச்சோளம் தின்ற பையன்.
‘ட்ரோனா?’ என்றவர் வானத்தைத் தேடினார்.
‘எலி புடிக்கிற மிஷினு’ என்றாள் இருசாயி.
அவர் நம்பி
வாலைத் தாண்டிக் கால் வைத்தார்.

ஐந்து வாட்.
குண்டு பல்பு ஒன்று எரிய இது காணாது.
யாராவது, யாராவது என்று
கட்டைவிரலால் தட்டிக்கொண்டே இருந்தேன்.
கட்டை, நெட்டை, கட்டை.
ஒரு மணி நேரம் காற்றுதான்.

பிறகு இரைச்சலுக்கு அடியில்
யாரோ நகத்தால் போசியைச் சுரண்டினார்கள்.
என் அழைப்புக்குறி.
ஓர் எழுத்துப் பிசகி,
ஆனாலும் என்னுடையது.
திருத்தி அனுப்பினேன்.
ரங்கத், அந்தமான் என்று வந்தது.
பெயர் பிஸ் என்று தொடங்கி மூழ்கி
வாஸ் என்று தலைதூக்கியது.

எழுத நோட்டைத் திறந்தவள்
பெட்டியை இருசாயியிடம் கொடுத்தேன்.
அந்தமான் செத்துப்போனது.
புதுப் பெட்டி, அழுக்காகிவிடுமென்று
துப்பட்டாவால் பிடித்திருந்தாள்.
வாங்கி வெறுங்கையால் இறுக்கினேன்,
வந்தது.
தளர்த்தினேன், போனது.
பிடிக்கிற உடம்பும் ஏரியலில் பாதி என்று
எங்கோ படித்ததுண்டு.
சூடுபட்ட தழும்பு நிறைந்த என் உள்ளங்கை
கடலுக்கு அந்தப்பக்கம் ஒருவருக்குக்
கூடிக் குறைந்ததை
அன்றுதான் கேட்டேன்.

நான் எழுத்து எழுத்தாகச் சொல்ல
இருசாயி எழுதினாள்.
என்ன ஏரியல் என்று கேட்டார்.
குச்சி ஒன்று, வால் ஒன்று,
அப்புறம் நான் என்று அனுப்பினேன்.
கடைசி வார்த்தை போய்ச் சேர்ந்ததோ என்னவோ.
‘இங்கே மழை’ என்றார்.
இங்கே மண்டையைப் பிளக்கிற வெயில்.
எழுபத்து மூன்று. எழுபத்து மூன்று.
அவ்வளவுதான்,
நான்கு நிமிஷம் இருக்கும்.

கீழிறங்கும் பஸ்ஸில்
வால் கம்பியை மடியில் போட்டு
ஒட்டியிருந்த நாயுருவியை
ஒவ்வொன்றாகப் பிய்த்தோம்.
இருசாயி நோட்டைப் பார்த்தாள்.
‘பேரு சரி, மழை சரி.
எழுபத்து மூணு என்னாடி, அவரு வயசா?’
‘வரட்டுமான்னு அர்த்தம்’ என்றேன்.
‘யாரு, எங்க?’ என்றாள்.
அதற்குள் ஒன்பதாவது வளைவு வந்துவிட்டது.
ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்தாள்.