முக்கிய வேலைகளுக்குப் பாவிக்க வேண்டாம்

இது சோதனைப் பதிப்பு,
முக்கிய வேலைகளுக்குப் பாவிக்க வேண்டாம் என்று
முதல் திரையிலேயே எழுதியிருந்தது.
நல்லது.
இரவு பத்தே முக்காலுக்கு வெள்ளவத்தையில்
என்னிடம் முக்கிய வேலை எதுவும் இல்லை.

பம்பலப்பிட்டியில் கணினி திருத்துகிற நிஸ்வான்
பென்டிரைவைக் கடதாசியில் சுற்றித் தந்திருந்தான்,
ரொட்டியோடு சம்பல் கட்டித் தருவதைப் போல.
"லினக்ஸ்தான் அக்கா, ஆனா இன்னும் ஆல்ஃபா.
விழுந்து விழுந்து எழும்பும்.
பூச்சி பிடிபட்டா எழுதி அனுப்புங்க."

கப்பல் முகவர் அலுவலகம் கழித்து விட்ட மடிக்கணினி.
கடற்காற்று திருகாணிகளைத் தின்றுவிட்டது.
இடப்பக்கத் துளையில் பென்டிரைவைச்
சற்றே சரித்துப் பிடிக்க வேண்டும்,
தூங்குகிற பிள்ளைக்கு மருந்து பருக்குவதுபோல்.

உலகப் படம் ஒன்றை விரித்து
ஊரைத் தொடச் சொன்னது.
தீவு ஒரு சோற்றுப் பருக்கை.
முதல் தொடலில் கொல்கத்தா.
அடுத்ததில் மாலைதீவு.
மூன்றாவதில் கொழும்பு.
பருத்தித்துறையைத் தொட்டிருந்தாலும்
கொழும்பென்றுதான் வந்திருக்கும்.
நேரத்துக்கு அவ்வளவுதான் தெரியும்.

பிறகு பெயர் கேட்டது.
யோகவதனி என்று எழுதினேன்.
இரட்டைக் கொம்பு தனியே போய் நின்றது.
யகரம் தனியே.
அரவு, பிடிக்க ஆளில்லாமல்
ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கியது,
ஓடுகிற பஸ்ஸின் மிதிபலகையில்
ஒற்றைக் கையோடு தொங்குகிறவன் மாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்தது.
அடையாள அட்டையில் நான் யேகவதனி.
கிராம சேவகரின் கடிதத்தில் யாகவதனி.
வங்கியில் ஆங்கில எழுத்தில் மூன்று பேர்,
மூவருக்கும் ஒரே கையெழுத்து.
போய்க் கேட்ட கவுண்டரில் எல்லாம்
ஒரே பதில்:
எல்லாம் ஒண்டுதானே மிஸ்.

இங்கே ஒரு படிவம் இருந்தது.

செய்தது: பெயரை எழுதினேன்.
எதிர்பார்த்தது: பெயர்.
நடந்தது:

நடந்ததற்கு நெடுநேரம் எடுத்தது.
கொம்பு என்றால் என்ன, அரவு என்றால் என்ன,
இரண்டும் எழுத்தின் இரு பக்கமும் நின்றாலும்
ஒரே ஒலி என்பதை
எனக்கு வருகிற இங்கிலீசில் எழுதினேன்.
பாணந்துறைக்குப் போகும் கடைசி ரயில்
யன்னல் கண்ணாடியைக் குலுக்கிவிட்டுப் போனது.
கீழே "வ" என்று மட்டும் கையொப்பமிட்டேன்.
என் பெயரில் உடையாத எழுத்து அது.

நாலாம் நாள் பதில் வந்திருந்தது.
இல்வா என்று ஒருவர், எந்த ஊரோ.
ஆணா பெண்ணா தெரியவில்லை.
நன்றி சொல்லிவிட்டு ஒரு கேள்வி:
இது மறுபடியும் நிகழ்கிறதா?

நாற்பத்தொரு வருடமாக, என்று தட்டினேன்.
அழித்தேன்.
ஆம், ஒவ்வொரு முறையும், என்று அனுப்பினேன்.

இடையில் இரண்டு கிழமை.
திரை இருமுறை கறுத்தது.
எலிக்குறி ஒரு மூலையில் போய் ஒளித்துக்கொண்டது.
கணக்கு மாத முடிவு வேறு.
இல்வா இன்னும் இரண்டு படங்கள் கேட்டார், அனுப்பினேன்.

புதிய பதிப்பை இறக்க
நள்ளிரவு தாண்டும்வரை காத்திருந்தேன்,
பன்னிரண்டுக்குப் பிறகுதான் டேட்டா மலிவு.
பிளேன்ரீ இரண்டு முறை ஆறியது.
மூன்றரைக்குப் பெயர் கேட்டது.

யோகவதனி.

கொம்பும் யகரமும் அரவும்
ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்போல் நின்றார்கள்.
என்ன செய்வதென்று தெரியாமல்
பின்னால் அழித்து
இன்னொரு தடவை எழுதிப் பார்த்தேன்.
பிறகும் ஒரு தடவை.

படம் பிடித்து நிஸ்வானுக்கு அனுப்பினேன்.
காலையில் கேட்டான்: "சத்தம் வருதா அக்கா?"
வரவில்லை. பழைய பதிப்பில் வந்தது,
இதில் ஒரு கிசுகிசுப்பும் இல்லை.
அதற்கும் படிவம் நிரப்பினேன்,
கீழே எட்டாமல் குறையாமல் முழுப் பெயரோடு.

மின்கலம்
நூற்று நான்கு வீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது.
அதை மட்டும்
நான் யாருக்கும் எழுதவில்லை.